பேட்ஸி க்ளைன் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்': முதல் பாட்டு ஏன் வேறு மாதிரி ஒலிக்கிறது?

கேள்வி, 2 பிப்ரவரி

அமெரிக்கப் பாடகி பேட்ஸி க்ளைனின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்', டெக்கா நிறுவனம், 1967. பழைய எல்.பி. இசைத்தட்டு ஒன்று கைக்கு வந்தது. முதல் பாட்டு 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்'. 1957-இல் ஹிட்டான பாட்டு இப்படி இருக்காதே? பின்னால் ஆண்கள் கோரஸ் பாடுகிறார்கள், ஸ்டீரியோவாக வேறு ஒலிக்கிறது. அவர் இறந்த பிறகு யாரோ ஒட்டுப்போட்ட பதிவு என்று சந்தேகப்படுகிறேன். பணம் தண்டமா?

2 பிப்ரவரி, மாலை

தண்டமில்லை. ஒட்டும் இல்லை. அந்தப் பாட்டை அவரே இரண்டு முறை பதிவு செய்தார்.

முதல் முறை 1956 நவம்பர் 8, நாஷ்வில். 1957 ஜனவரியில் ஆர்தர் காட்ஃப்ரேயின் தொலைக்காட்சிப் போட்டியில் பாடிய பிறகு, பிப்ரவரியில் சிங்கிளாக (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டு) வந்து, கன்ட்ரி என்ற அமெரிக்க இசை வகையின் தரவரிசைப் பட்டியலில் 2-ஆம் இடம், பாப் பட்டியலில் 12-ஆம் இடம் பிடித்தது இதுதான். இரண்டாவது முறை 1961 ஆகஸ்ட். அந்த ஆண்டு நவம்பரில் வந்த 'ஷோகேஸ்' ஆல்பத்துக்காகப் புதிதாகப் பாடினார். 1967 தொகுப்பில் இருப்பது இந்த இரண்டாவது.

காரணம் ஒப்பந்தம். 1954 முதல் 1960 வரை அவர் ஃபோர் ஸ்டார் என்ற சிறிய நிறுவனத்துக்குக் கட்டுப்பட்டவர். பழைய பதிவில் டெக்காவுக்கு உரிமை கிடையாது.

2 பிப்ரவரி, இரவு

மேலே கடைசி வரி தவறு. திருத்துகிறேன். 1957 சிங்கிள் டெக்கா லேபிளிலேயே வந்தது, எண் 9-30221. அதே ஆண்டின் 'பேட்ஸி க்ளைன்' எல்.பி.யும் டெக்காவுடையதுதான். ஒலிநாடா ஃபோர் ஸ்டாருடையது. டெக்கா அதைக் குத்தகைக்கு எடுத்து வெளியிட்டது. வாடகை வீட்டில் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்ட கதை. 1960-இல் அவர் நேரடியாக டெக்காவுடன் கையெழுத்திட்ட பிறகு பதிவானவைதான் சொந்த வீடு. பழையது மோனோ (ஒற்றை ஒலி), புதியது ஸ்டீரியோ (இடம் வலம் பிரிந்த ஒலி) என்பதும் சேர்ந்துகொண்டது.

இரண்டையும் காதாலேயே பிரிக்கலாம். 1956 பதிவில் ஸ்டீல் கிட்டார் (தந்திமேல் உலோகக் கட்டையை வழுக்கி வாசிப்பது) முன்னால் நிற்கும். பாட்டின் வரிகளுக்கு நடுவே விழும் இடைவெளியை அதுதான் நிரப்பும். வாசித்தவர் டான் ஹெல்ம்ஸ், கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் குழுவில் இருந்தவர். கோரஸ் கிடையாது. 1961-இல் ஜார்டனேர்ஸ் என்ற ஆண் குரல் நால்வர் பின்னால் இருப்பார்கள். முதல் சரணம் முடிவதற்குள் ஆண்குரல் கேட்டதா? அப்படியானால் 1961.

3 பிப்ரவரி

"கன்ட்ரி என்றால் நாட்டுப்புறப் பாடல்தானே?" என்று ஒருவர். இல்லை. நாட்டுப்புறப் பாடலுக்குப் பெரும்பாலும் ஆசிரியர் பெயர் தெரியாது. இந்தத் தொகுப்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் பெயரும், ராயல்டி வாங்கும் பதிப்பகமும் உண்டு. 'க்ரேஸி' வில்லி நெல்சன். 'ஷீஸ் காட் யூ' ஹாங்க் காக்ரன். 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' டான் கிப்சன். 'ஐ ஃபால் டு பீசஸ்' காக்ரனும் ஹார்லன் ஹாவர்டும் சேர்ந்து எழுதியது. கன்ட்ரி என்றே விட்டுவிடுவோம்.

3 பிப்ரவரி, மதியம்

'ஹிட்ஸ்' என்ற சொல்லைப் பற்றி. பஸ்ஸில் 'எக்ஸ்பிரஸ்' என்று எழுதியிருப்பது மாதிரிதான் இதுவும்.

முதல் பக்கம்: வாக்கின் ஆஃப்டர் மிட்நைட், ஸ்வீட் ட்ரீம்ஸ், க்ரேஸி, ஐ ஃபால் டு பீசஸ், சோ ராங், ஸ்ட்ரேஞ்ச். இரண்டாம் பக்கம்: பேக் இன் பேபிஸ் ஆர்ம்ஸ், ஷீஸ் காட் யூ, ஃபேடட் லவ், வொய் கான்ட் ஹி பி யூ, யூ ஆர் ஸ்ட்ராங்கர் தேன் மி, லீவின் ஆன் யுவர் மைண்ட்.

இந்தப் பன்னிரண்டில் சிங்கிளின் முன்பக்கமாக வந்தவை எட்டுதான். 'ஸ்ட்ரேஞ்ச்', 'ஷீஸ் காட் யூ'வின் பின்பக்கம். 'பேக் இன் பேபிஸ் ஆர்ம்ஸ்', 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' பின்பக்கம். 'யூ ஆர் ஸ்ட்ராங்கர் தேன் மி', 'சோ ராங்' பின்பக்கம். 'வொய் கான்ட் ஹி பி யூ', 'ஹார்ட்ஏக்ஸ்' பின்பக்கம். நான்கும் ஹிட்டே இல்லை. மறுபுறம், 1962-இல் கன்ட்ரி பட்டியலில் 10-ஆம் இடம் வரை போன 'வென் ஐ கெட் த்ரூ வித் யூ' தொகுப்பிலேயே இல்லை. 1957-இல் 14-ஆம் இடம் தொட்ட 'எ புவர் மேன்ஸ் ரோசஸ்' இல்லை.

3 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

'நான்கும் ஹிட்டே இல்லை' என்றது கொஞ்சம் அதிகம். 'ஸ்ட்ரேஞ்ச்' பாப் பட்டியலில் 97-ஆம் இடத்தைத் தொட்டுவிட்டு வந்தது. சோற்றில் ஒரு பருக்கை, ஆனாலும் பருக்கைதான்.

5 பிப்ரவரி

பாடல் வரிசை குழப்புகிறது, அவர் குரல் எப்படி மாறியது என்று தெரியவில்லை என்றவருக்கு: பதிவான வரிசையில் அடுக்கிக் கேளுங்கள்.

1960 நவம்பர்: ஐ ஃபால் டு பீசஸ்.
1961 ஆகஸ்ட்: வாக்கின் ஆஃப்டர் மிட்நைட், ஸ்ட்ரேஞ்ச், க்ரேஸி.
1961 டிசம்பர்: ஷீஸ் காட் யூ.
1962 பிப்ரவரி: யூ ஆர் ஸ்ட்ராங்கர் தேன் மி, சோ ராங்.
1962 செப்டம்பர்: வொய் கான்ட் ஹி பி யூ, லீவின் ஆன் யுவர் மைண்ட், பேக் இன் பேபிஸ் ஆர்ம்ஸ்.
1963 பிப்ரவரி: ஃபேடட் லவ் (4-ஆம் தேதி), ஸ்வீட் ட்ரீம்ஸ் (5-ஆம் தேதி).

1963 மார்ச் 5 அன்று டென்னசியில் கேம்டன் அருகே விமானம் விழுந்து இறந்தார். வயது 30. அதாவது ஒரு வாழ்நாளின் உச்சங்களைப் பொறுக்கி எடுத்த தொகுப்பு என்று கவர் சொல்கிறது. உள்ளே இருப்பதோ 27 மாதங்கள். ஒரே தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி, ஏறக்குறைய அதே வாத்தியக்காரர்கள், நாஷ்வில் 16-ஆம் அவென்யூவில் குவான்செட் ஹட் என்ற அரைவட்டக் கூரைக் கொட்டகை. தொகுப்பு ஒரே ஆல்பம் மாதிரி ஒட்டிப்போவதற்கு இதுதான் காரணம். அந்த 1961 மறுபதிவை எடுத்துவிட்டு 1956 மோனோவைப் போட்டிருந்தால் முதல் பாட்டு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றிருக்கும். தேர்ந்தவர் யோசித்துத்தான் தேர்ந்திருக்கிறார் என்று இப்போது படுகிறது. இரண்டு நாள் முன்பு பஸ் கிண்டல் செய்ததைப் பாதி வாபஸ் வாங்குகிறேன்.

அவர் உயிரோடு இருந்தபோது வந்த ஸ்டுடியோ ஆல்பங்கள் மூன்றே: 1957, 1961, 1962. இந்தத் தொகுப்புக்கு 2005-இல் அமெரிக்காவில் ஒரு கோடிப் பிரதிக்கான டயமண்ட் சான்று கிடைத்தது.

6 பிப்ரவரி

மலிவுத் தொகுப்புகள். கேள்வி வந்துகொண்டே இருப்பதால் விரிவாக.

ஃபோர் ஸ்டார் காலத்தில் அவர் பதிவு செய்தவை 51. ஒப்பந்தப்படி அந்த நிறுவனத்தின் பதிப்பகத்துப் பாடல்களைத்தான் பாட வேண்டும். பெரிதாக ஓடியது ஒன்றே ஒன்று. இந்த 51-ஐ வெவ்வேறு நிறுவனங்கள் வாங்கி, பிரித்து, கலைத்துப் போட்டு, 'பெஸ்ட் ஆஃப்', 'கோல்டன் ஹிட்ஸ்', 'லெஜண்ட்' என்று நூற்றுக்கணக்கான அட்டைகளில் விற்றிருக்கின்றன. பாடகி அவர்தான், குரல் அவருடையதுதான். வாங்குபவர் தேடும் பாடல்கள்தான் இருக்காது.

கண்டுபிடிக்கும் வழி: பின்அட்டையில் 'க்ரேஸி', 'ஐ ஃபால் டு பீசஸ்', 'ஷீஸ் காட் யூ' மூன்றும் உள்ளனவா பாருங்கள். இல்லாமல், 'எ சர்ச், எ கோர்ட்ரூம், தென் குட்பை', 'ஹாங்கி டாங்க் மெர்ரி கோ ரவுண்ட்', 'ஸ்டாப், லுக் அண்ட் லிசன்', 'த்ரீ சிகரெட்ஸ் இன் அன் ஆஷ்ட்ரே', 'லவ்சிக் ப்ளூஸ்' என்று போனால் அது ஃபோர் ஸ்டார் மூட்டை. 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். அது ஃபோர் ஸ்டார் தொகுப்பிலும் உண்டு, டெக்கா தொகுப்பிலும் உண்டு.

பாடல் பட்டியல் வெளியே தெரியாமல் படம் மட்டும் போட்ட இணைய விற்பனையா? பட்டியல் கேளுங்கள். தராவிட்டால் நகருங்கள்.

6 பிப்ரவரி, இரவு

ஃபோர் ஸ்டார் பாடல்கள் கேட்கவே லாயக்கில்லை என்று நான் சொன்னதாக ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். சொல்லவில்லை. 'த்ரீ சிகரெட்ஸ்' நல்ல பாட்டு. ஸ்டீல் கிட்டாரும் ஃபிடிலும் பிடிக்கும், வயலின் கூட்டமும் கோரஸும் வேண்டாம் என்பவருக்கு அந்தக் காலமே பிடிக்கும். கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் என்ற பெயரில் விற்பதுதான் வம்பு.

8 பிப்ரவரி

மோனோவா ஸ்டீரியோவா.

டெக்கா எண்ணிலேயே விடை இருக்கிறது. டி.எல். 4854 மோனோ. டி.எல். 74854 ஸ்டீரியோ. முன்னால் ஒரு 7 சேர்ந்தால் ஸ்டீரியோ என்பது அந்தக் கால டெக்கா வழக்கம். 1968-க்குள் அமெரிக்காவில் மோனோ எல்.பி. ஏறக்குறைய நின்றுபோனதால் 4854 கொஞ்ச காலமே அச்சானது. அதனால் விலை ஏற்றிச் சொல்வார்கள். ஒலிக்காக அந்த விலை கொடுக்கத் தேவையில்லை. பன்னிரண்டும் ஸ்டீரியோவாகவே பதிவான காலத்தவை.

அட்டையும் தட்டும் மாறியிருக்கலாம், இரண்டிலும் எண் பாருங்கள். லேபிளை வைத்துக் காலம் சொல்லலாம்: கறுப்பு டெக்கா லேபிளில் குறுக்கே வண்ணப்பட்டை இருந்தால் 1973-க்கு முன். 1973 முதல் டெக்காவின் தாய் நிறுவனமான எம்.சி.ஏ. பெயரில், எண் எம்.சி.ஏ.-12. அதில் கறுப்பு லேபிள் முதலில், 1977 முதல் பழுப்பு, 1980-களில் வானவில் வரைந்த நீலம். வாசிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால், தேய்ந்த டெக்காவைவிடக் கீறலில்லாத எம்.சி.ஏ. மேல்.

9 பிப்ரவரி

"ஃபோனில் கேட்டால் டிக் டிக் என்று ஏதோ கேட்கிறது, பெரிய ஸ்பீக்கரில் கேட்பதில்லை. பதிவுக் கோளாறா?"

இல்லை. அதற்குப் பெயரே டிக்-டாக் பேஸ். பேஸ் என்பது கீழ்ச்சுர வாத்தியம். நாஷ்வில்காரர்களின் கைவேலை. பாப் மூர் நின்றபடி வாசிக்கும் பெரிய மர பேஸில் ஒரு சுரம் போடுவார். அதே சுரத்தை, அதே நொடியில், ஓவனின் தம்பி ஹெரால்ட் பிராட்லி ஆறு தந்தி மின் பேஸில் பிக் வைத்துத் தட்டுவார். உள்ளங்கை, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் தந்திமேல் படிந்திருக்கும், அதனால் நாதம் நீளாமல் 'டிக்' என்று வெட்டுப்படும். மர பேஸ் உடம்பு, மின் பேஸ் நகம். இரண்டும் சேர்ந்து ஒரே வாத்தியமாகக் கேட்க வேண்டும்.

ஃபோன் ஸ்பீக்கருக்குக் கீழ்ச்சுரம் எடுக்க வராது. உடம்பு போய்விடுகிறது, நகம் மட்டும் மிஞ்சுகிறது. ஹெட்ஃபோன் மாட்டுங்கள். பேஸைத் திருகி ஏற்றினால் ஃபோனுக்குப் பலனில்லை, கரகரப்புதான் மிஞ்சும். பெரிய ஸ்பீக்கரில் டிக் சுத்தமாகவே கேட்கவில்லை என்றால் பேஸை அளவுக்கு மீறி ஏற்றி வைத்திருக்கிறீர்கள்.

11 பிப்ரவரி

'க்ரேஸி' பற்றிப் பேசாமல் இந்த இழை போகாது போலிருக்கிறது.

1961 ஜூன் 14, நாஷ்வில்லில் கார் விபத்து. பேட்ஸிக்குப் பலத்த காயம். 'ஐ ஃபால் டு பீசஸ்' மெல்ல ஏறி ஆகஸ்டில் கன்ட்ரி முதலிடம் தொட்டபோது அவர் தேறிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் 21 அன்று 'க்ரேஸி' பதிவுக்கு ஊன்றுகோலோடு வந்தார். மூன்று மணி நேரத்தில் மூன்று நான்கு பாட்டு முடிப்பது அந்தக் கொட்டகையின் வழக்கம். அன்று நான்கு மணி நேரம் ஒரே பாட்டில் போனது. விலா எலும்பு வலியில் மேல் சுரங்களைப் பிடிக்க முடியவில்லை. பிராட்லி வாத்தியங்களை மட்டும் முடித்து வைத்தார். சில வாரம் கழித்து வந்து பாடிச் சேர்த்தார் பேட்ஸி.

இது முடிந்ததற்குக் காரணம் மூன்று தடம் கொண்ட நாடா. குரலுக்குத் தனித் தடம் ஒதுக்க முடியும். எல்லாரும் ஒரே தடத்தில் பதிவாகும் காலமாக இருந்தால் வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் திரும்ப வந்திருக்க வேண்டும்.

கிட்டாரில் வாசிக்க நினைப்பவர்களுக்கு: பதிவு பி-ஃப்ளாட்டில் தொடங்கி, கடைசிப் பகுதியில் அரை சுரம் ஏறி பி-க்குப் போகிறது. கேப்போ போட்டு ஆரம்பித்தால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். பாரே பிடியில் வாசித்தால் ஒரு கட்டம் தள்ளினால் போதும். இணையத்தில் கிடைக்கும் எளிய கார்டு பட்டியல்கள் இந்த ஏற்றத்தை விட்டுவிடுகின்றன, 'கடைசியில் சேரவில்லையே' என்பவர்கள் எல்லாரும் அங்கேதான் இடறுகிறார்கள்.

12 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் முதலில் பயந்த விஷயம், அதாவது இறந்த பிறகு ஒட்டுப்போடுவது, உண்மையிலேயே நடந்திருக்கிறது. இந்தத் தொகுப்பில் இல்லை, அவ்வளவுதான்.

மேலே சொன்ன தனித் தடம்தான் அதற்கும் வழி. குரலை மட்டும் உருவி, புது வாத்தியம் சேர்க்கலாம். 1980-இல் வந்த 'ஆல்வேஸ்' அப்படிப்பட்டது. 1985-இல் அவர் வாழ்க்கைப் படத்துக்கு பிராட்லியே பழைய குரலுக்குப் புதிய பின்னணி அமைத்தார். அந்தப் பட இசைத்தட்டின் பெயரும் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' என்பதால் குழப்பம். எல்லாவற்றையும் தாண்டி, 1981-இல் கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸுடன் ஒரு ஜோடிப் பாட்டு, 'ஹேவ் யூ எவர் பீன் லோன்லி'. ரீவ்ஸும் 1964-இலேயே போய்விட்டவர். தனித்தனியாகப் பாடி வைத்த இரண்டு குரல்களைக் கோத்துச் செய்தது. தொகுப்பின் அட்டையில் ரீவ்ஸ் பெயரும் சேர்ந்திருந்தால் அது வேறு சரக்கு.

அடையாளம்: டிரம் ஒலி. 1961 பதிவில் பட்டி ஹார்மனின் டிரம் அறைக்குள் எங்கோ பின்னால் இருக்கும். 80-களில் சேர்த்தவற்றில் டிரம் முகத்துக்கு நேரே அடிக்கும், குரலைச் சுற்றியுள்ள அறை எதிரொலி மட்டும் பழசாக இருக்கும்.

15 பிப்ரவரி

1956 பதிவு வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு வழி. 1957-இன் 'பேட்ஸி க்ளைன்' எல்.பி., அல்லது 1991-இல் வந்த 'தி பேட்ஸி க்ளைன் கலெக்‌ஷன்', நான்கு சி.டி., 104 பதிவு, கால வரிசையில். இரண்டாவதில் இரு 'வாக்கின்'களும் கிடைக்கும். ஸ்ட்ரீமிங்கில் தேடுவதென்றால் பாட்டுப் பெயரை நம்பாமல் ஆல்பம் பெயரைப் பாருங்கள்: 'ஷோகேஸ்' என்றால் 1961.

சி.டி. எது என்று தனியாகக் கேட்டிருக்கிறார்கள். ஒரே சோதனை போதும். 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' போடுங்கள். மெதுவான இடத்துக்கும் உச்சத்துக்கும் ஒலி அளவில் வேறுபாடு தெரிந்தால் நல்ல பிரதி. தொடக்க வயலினே கத்தினால் அளவு மீறி ஏற்றிய பிரதி.

கேள்வி கேட்டவர், 16 பிப்ரவரி

தட்டில் 74854. அட்டையில் 4854. கறுப்பு லேபிள், வண்ணப்பட்டை உண்டு. 'ஸ்ட்ரேஞ்ச்' மட்டும் கரகர என்கிறது, மற்றதெல்லாம் பரவாயில்லை.

16 பிப்ரவரி

அட்டை மாறிய ஸ்டீரியோ தட்டு. மோனோ விலை கொடுத்திருந்தால் விற்றவரிடம் கேளுங்கள்.

'ஸ்ட்ரேஞ்ச்' பக்கத்தின் கடைசிப் பாட்டு. மையத்துக்கு அருகில் ஒரு சுற்றில் ஓடும் தூரம் குறைவு, அதே ஒலி நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அழுக்கும் தேய்ந்த ஊசியும் முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். இரண்டாம் பக்கத்தில் 'லீவின் ஆன் யுவர் மைண்ட்' போட்டுப் பாருங்கள், அதுவும் கரகரத்தால் கோளாறு ஊசியில், அல்லது கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய தலைப்பகுதி) கோணத்தில். அது சுத்தமாக இருந்தால் முதல் பக்கத்தில் அழுக்கோ தேய்மானமோ.

முதலில் கழுவுங்கள். வடிநீர் (காய்ச்சி வடித்த நீர்) ஒரு லிட்டர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு. மென்மையான தூரிகையால் வட்டப்போக்கில் மட்டும் தேயுங்கள், குறுக்கே வேண்டாம். லேபிளில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வெறும் வடிநீரில் அலசி, நிமிர்த்தி வைத்து நிழலில் உலர்த்துங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உலர்ந்ததும் உப்புப் படிந்து அதுவே புதிய கரகரப்பாகும்.

ஊசி அழுத்தம் கார்ட்ரிட்ஜ் தாளில் போட்டிருக்கும் வரம்பின் மேல் பாதியில் இருக்கட்டும். குறைத்தால் தட்டுக்கு நல்லது என்பது தப்பு, ஊசி பள்ளத்துக்குள் துள்ளி சுவரைச் செதுக்கும்.

18 பிப்ரவரி

விட்டுப்போனது: கழுவியும் போகவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்திக் கேளுங்கள். மேலும் கீழும் ஆடும் இரைச்சல் பெரும்பாலும் ரத்தாகும். ஜார்டனேர்ஸ் எல்லாரும் நடுவில் வந்து நின்றுகொள்வார்கள், ஆனாலும் 'ஸ்ட்ரேஞ்ச்' கேட்கும்படி இருக்கும். அப்போதும் 'ச' ஒலி சீறினால் முன்னால் வைத்திருந்தவரின் கனமான ஊசி பள்ளத்தையே தின்றுவிட்டது, அதைக் கழுவ முடியாது. எம்.சி.ஏ.-12 ஒன்று தேடுங்கள்.